கனமில்லாத பெட்டி

மின்சாமான் எதுவானாலும் முதலில் தூக்கிப் பார்க்க வேண்டும் என்பது ரிப்பேர் கடை தராசின் கட்சி. மிக்சியோ மின்விசிறியோ, கடைக்காரன் ஆயிரம் சொல்லட்டும், அவர் காதில் போட்டுக்கொள்ள மாட்டார். இரண்டு கையாலும் ஏந்தி மார்புவரை உயர்த்தி, கண்ணை மூடி நிற்பார். "ம்" என்றால் சாமான் தேறியது. உதட்டைப் பிதுக்கினால் போச்சு, வாங்கினவன் முகத்தில் ஈயாடாது. இதனாலேயே ஊர் அவரைத் தராசு ஆக்கிவிட்டது, பெற்றவர்கள் வைத்த பெயர் அவருக்கே எப்போதாவதுதான் ஞாபகம் வரும். கடைப் பலகையில்கூட 'தராசு எலக்ட்ரானிக்ஸ்' என்றே எழுதிவிட்டார். புதிதாக வருகிறவர்கள் எடைக்கல் கேட்டு நுழைவதும் உண்டு.

கனமிருந்தால் உள்ளே செம்பும் இரும்பும் தாராளமாக இருக்கிறது என்று அர்த்தம், தாராளமாக இருந்தால் உழைக்கும். ஒரு காலத்தில் அது வேதவாக்காகவே இருந்தது. பெரிய டிரான்ஸ்பார்மர் இல்லாமலே வேலை செய்யும் புதுவகை சாமான்கள் வந்து வெகுகாலம் ஆகிறது. அவற்றையும் பிரித்துப் பழுது பார்த்தே வயிறு வளர்க்கிறார். கனத்துக்கும் தரத்துக்கும் இப்போது பெரிய சம்பந்தமில்லை என்பது அவருக்குத் தெரியும். ஆனாலும் தூக்கிப் பார்ப்பதை விடவில்லை. பார்க்கிறவர்களுக்கு அது பிடித்திருந்தது, இவருக்கும் பிடித்திருந்தது.

மழைக்காலம் அவருக்கு அறுவடைக்காலம். ஈரம் இறங்கி டி.வி.யும் ஸ்பீக்கரும் ஒவ்வொன்றாகப் படுத்துவிடும், கடையில் கால் வைக்க இடமிருக்காது. அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், கைநிறைய வேலையோடு உட்கார்ந்திருந்தபோதுதான் அக்கா போன் செய்தாள்.

"தம்பி, அவ வந்திருக்கா. அவனும் கூட வந்திருக்கான்."

"யாரு?"

"யாருன்னு கேக்கறான் பாரு. என் மகதான்டா. உங்க அத்தான் உன்னைக் கையோட வரச் சொல்றாரு. போட்டது போட்டபடி போட்டுட்டு வா."

அக்காவின் மகள் தானாகவே ஒருவனைப் பார்த்துக் கட்டிக்கொண்டவள். மாப்பிள்ளை பேக்கரியில் அடுப்பு பார்க்கிறவன். அத்தான் தண்ணி லாரி ஓட்டுகிறவர், ஒன்றும் ஜமீன்தார் அல்ல. ஆனால் பெண்ணைப் பெற்றவருக்கு மட்டும் எப்படியோ ஒரு கிரீடம் வந்துவிடுகிறது. "மாவு பிசையறவனுக்கா என் பொண்ணு" என்று சொல்லிவிட்டுக் கல்யாணத்துக்கே போகவில்லை. அன்றுமுதல் மகள் பிறந்த வீட்டு வாசலை மிதித்ததில்லை. அக்காதான் இரண்டு பக்கமும் போன் பேசிப் பேசிக் காய்ந்துபோயிருந்தாள். இப்போது மகளே புருஷனோடு வந்திருக்கிறாள் என்றால் எத்தனை நாள் பேச்சின் பலனோ.

தராசு சோல்டரிங் கம்பியை அணைத்து வைத்துவிட்டு மழையில் ஓடினார்.

முன்னறையில் டி.வி.க்கு எதிரே அத்தான் உட்கார்ந்திருந்தார். மாப்பிள்ளை நாற்காலியின் நுனியில், எப்போது எழுந்திருக்கச் சொல்வார்களோ என்பதுபோல் இருந்தான். சமையலறையிலிருந்து கோழி வறுக்கும் வாசனை வந்தது. மேஜைமேல் அவன் சுட்டுக் கொண்டுவந்த பெரிய ரொட்டி, யாரும் வெட்டாமல் துணி சுற்றியபடி இருந்தது. டி.வி.க்குக் கீழே தட்டில் ஒரு புது ஹோம் தியேட்டர் ரிசீவர் இருந்தது. டி.வி.யையும் நாலா பக்கம் ஸ்பீக்கர்களையும் ஒன்றாகக் கட்டி மேய்க்கிற பெட்டி அது. கறுப்பாக, சத்தமில்லாமல் மின்னிக்கொண்டிருந்தது.

"மாமா!" என்று மருமகள் ஓடிவந்து கையைப் பிடித்தாள். "அப்பாவுக்குத்தான் வாங்கிட்டு வந்தோம். வந்ததுல இருந்து ஒரு வார்த்தை பேசல. நீயாவது பாத்துச் சொல்லு."

"மச்சான்," என்றார் அத்தான், யாரையும் பார்க்காமல். "சாமான் எப்படி இருக்குன்னு பாரு. நீ சொன்னா சரி."

வீடே அமைதியாகிவிட்டது. அக்கா கரண்டியோடு வந்து கதவோரம் நின்றாள். தராசுக்கு இந்த மாதிரி அமைதி கற்கண்டு மாதிரி. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குனிந்தார்.

முதலில் வால்யூம் குமிழைத் திருப்பினார். ஆட்டமில்லை, வழுக்கிக்கொண்டு போய் விட்ட இடத்தில் நின்றது. மேல்மூடியைக் கட்டைவிரலால் அழுத்தினார், தகடு அமுங்கவில்லை. பின்பக்கம் ஸ்பீக்கர் ஒயர் மாட்டுகிற முனைகளைப் பிடித்து அசைத்தார். வேர் விட்டதுபோல் நின்றன. போனில் டார்ச்சைப் போட்டுக் காற்று ஓட்டைகள் வழியாக உள்ளே பார்த்தார். ஒயர்கள் வகிடெடுத்து வாரிய மாதிரி கட்டியிருந்தன. நல்ல வேலை, என்று மனம் சொல்லிவிட்டது. வாயும் அதையே சொல்லியிருக்கும். தூக்குவதற்காகக் கால் மாற்றி நின்றபோதுதான் கீழே அதைப் பார்த்தார்.

அவர் தன் கையால் செய்துகொடுத்த ஆம்ப்ளிபயர். தேக்குப் பலகைப் பெட்டி, உள்ளே செங்கல் கனத்துக்கு டிரான்ஸ்பார்மர். அக்கா குடித்தனம் வைத்த நாளிலிருந்து அந்தத் தட்டில் இருந்தது அதுதான். புதுப்பெட்டிக்கு இடம் பண்ணுவதற்காக அதைத் தூக்கித் தரையில், செருப்புகளுக்குப் பக்கத்தில் வைத்திருந்தார்கள். அதன்மேல் நனைந்த குடை ஒன்று சாத்தியிருந்தது.

தராசு புதுப்பெட்டியை ஏந்தினார். மார்புவரை உயர்த்தினார். கண்ணை மூடினார். பஞ்சுபோல் இருந்தது.

"காத்து," என்றார்.

"என்னது?" என்றார் அத்தான்.

"கனமே இல்ல அத்தான். வெறும் டப்பா. மேல்பூச்சு மினுக்குதே தவிர உள்ள ஒண்ணுமில்ல. இந்த மழைக்காலத்தைத் தாண்டாது."

"மாமா, கடையில நல்ல சாமான்னு சொன்னாங்களே," என்றான் மாப்பிள்ளை மெதுவாக.

"கடைக்காரன் தன் மோரைப் புளிச்ச மோர்னு சொல்லுவானா தம்பி?"

அத்தானின் முகம் இறங்கிப்போயிற்று. கோபம் என்றுதான் எல்லாரும் நினைத்துக்கொண்டார்கள். பிறகு அவர், "ஆளைப் பாத்தாலே தெரியல? அவன் கொண்டு வர்றது மட்டும் எப்படி இருக்கும்?" என்றார்.

மருமகள் அழவில்லை, கத்தவில்லை. மாமாவை ஒருமுறை பார்த்தாள். பிறகு புருஷனிடம், "எழுந்திரு, போலாம்," என்றாள்.

"சாப்பாடு ஆயிடுச்சுடி, ஒரு வாய் சாப்பிட்டுட்டுப் போங்க," என்று அக்கா கரண்டியோடு வாசல்வரை ஓடினாள். "மாப்ள, நீங்களாவது சொல்லுங்க."

"பரவாயில்லைங்க அத்தை," என்றான் அவன். மழையில் இரண்டு பேரும் இறங்கிப் போனார்கள். குடையை எடுக்கவும் மறந்துவிட்டார்கள்.

"இந்த டப்பாவை எடுத்துட்டுப் போயிடு," என்றார் அத்தான் தராசிடம். "என் கண்ணுல படக்கூடாது."

நாக்குக்கு நரம்பில்லை, எப்படியும் வளையும் என்பார்கள். வளைத்தவருக்குத்தான் அன்றைக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை. ஒரு பெட்டியைப் பற்றித்தானே சொன்னேன், அந்த ஆளைப் பற்றியா சொன்னேன் என்று புரண்டு புரண்டு கேட்டுப் பார்த்தார். கேட்டவரும் அவரே, பதில் சொல்ல வேண்டியவரும் அவரே. வழக்கு நகரவில்லை.

காலையில் கடையைத் திறந்ததும், வரிசையில் காத்திருந்த மற்றவர்களின் சாமான்களை ஒதுக்கிவிட்டு அந்த ரிசீவரை மேஜைமேல் வைத்துத் திருகுகளைக் கழற்றினார். அவருக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான், ஒரு குறை. நகக்கண் அளவு குறை போதும். அது கிடைத்துவிட்டால் தான் சொன்னது பொய்யில்லை என்று ஆகிவிடும். நிம்மதியாக டீ குடிக்கலாம்.

பற்றவைத்த இடங்களை லென்ஸ் வைத்துப் பார்த்தார். புள்ளி புள்ளியாக, கடைந்து வைத்ததுபோல் இருந்தன. மின்சாரம் வந்து இறங்குகிற பகுதியைத் தனியாகத் தடுத்துக் கூண்டு போட்டிருந்தார்கள். சூட்டை வாங்கிக்கொள்கிற அலுமினியப் பட்டைகள் அகலமாக, இடைவெளி விட்டு நின்றன. கனத்த டிரான்ஸ்பார்மர் இல்லை, அதற்குப் பதிலாகப் புதுவகை பவர் சப்ளை இருந்தது, அதுவும் ஒசத்தியான ரகம். காசு மிச்சம் பிடிப்பதற்காகக் கம்பெனிக்காரர்கள் வழக்கமாகக் கைவைக்கிற இடமெல்லாம் இவருக்கு அத்துப்படி. ஒவ்வொன்றாகப் போய்ப் பார்த்தார். ஓர் இடத்திலும் கைவைத்திருக்கவில்லை.

சரி, சூடேறினால் தெரியும் என்று நாலு பக்கமும் ஸ்பீக்கரை மாட்டி, சத்தத்தை ஏற்றி ஓடவிட்டார். பக்கத்துத் தையல்கடைக்காரர் வந்து, "என்ன தராசு, கல்யாண வீடா?" என்று கத்திவிட்டுப் போனார். மத்தியானம் வரை ஓடியது. கையை வைத்துப் பார்த்தார். குழந்தையின் நெற்றிமாதிரி வெதுவெதுப்பு, அவ்வளவுதான். மழைக்காலத்தைத் தாண்டாது என்றாரே, அதற்காக ஓர் ஈரச்சாக்கைப் பக்கத்தில் கட்டித் தொங்கவிட்டும் பார்த்தார். சாமானைப் பிழைக்க வைப்பதே தொழிலான மனுஷன், ஒரு சாமான் சாகவேண்டும் என்று காத்துக்கொண்டிருந்தார். அது பாட்டுக்குப் பாடிக்கொண்டிருந்தது.

ஒரு கட்டத்தில் சோல்டரிங் கம்பி கையிலேயே வந்துவிட்டது. ஒரு புள்ளியைத் தொட்டு இளக்கிவிட்டால் போதும், தேடின குறை பிறந்துவிடும். கம்பியின் நுனி பலகைக்குப் பக்கத்தில் போய் நின்றது. பிறகு அதைத் தாங்கியில் செருகிவிட்டு வெளியே வந்து மழையைப் பார்த்தார். அவ்வளவு தூரம் நான் இறங்கவில்லை என்று தனக்குத்தானே ஒரு நற்சான்று கொடுத்துக்கொண்டார். அதை வாங்கிக்கொள்ள மனசு தயாராக இல்லை.

அந்த நேரத்தில்தான் அக்கா சாப்பாட்டுத் தூக்கோடு வந்தாள். தராசு பெட்டியின்மேல் அவசரமாகத் துண்டைப் போட்டு மூடினார்.

"நேத்து செஞ்ச கோழி அப்படியே இருக்குடா. யாரும் வாயில வைக்கல. நீயாவது சாப்பிடு," என்று தூக்கைப் பிரித்தாள். பிரித்துக்கொண்டே பேசினாள். "காலையில போன் பண்ணினேன். எடுத்தா. அம்மா, எனக்கு வேலை இருக்குன்னு வச்சிட்டா. முன்னெல்லாம் சண்டை போடுவா, அழுவா, எங்கப்பாவுக்கு என்ன கொழுப்புன்னு திட்டுவா. அப்ப எனக்குப் பயமில்ல. இப்ப திட்டவே மாட்டேங்கறா. அதான் பயமா இருக்கு."

"சரியாயிடும்க்கா."

"எப்படிடா சரியாகும்? எவ்வளவு கெஞ்சிக் கூத்தாடி வரவழைச்சேன் தெரியுமா? உங்க அத்தானும் ரெண்டு நாளா வீட்டைப் பெருக்குன்னாரு, விசிறியைத் துடைன்னாரு. அந்த மனுஷன் வாயில அதெல்லாம் வந்து நான் கேட்டதே இல்ல. எல்லாம் ஒரு டப்பாவுல போச்சு." அவள் நிமிர்ந்து தம்பியைப் பார்த்தாள். "நிஜமாச் சொல்லுடா. அது அவ்வளவு மட்டமான சாமானா?"

துண்டுக்கு அடியில் பெட்டி திறந்தபடி கிடந்தது. சொல்ல இதைவிட நல்ல நேரம் கிடைக்காது. தராசு ஒரு கவளத்தை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.

"மட்டம்தான்க்கா," என்றார்.

"நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்," என்று அக்கா பெருமூச்சு விட்டாள். "பாவம், ஏமாந்துட்டான் போல." தூக்கைக் கழுவி எடுத்துக்கொண்டு மழையோடு போய்விட்டாள்.

முதல் பொய் வாய் தவறி வந்தது என்று சாதிக்கலாம். இதற்கு அந்தச் சாக்கும் இல்லை. திருடனுக்குத் தேள் கொட்டினதுபோல் கடைக்குள் உட்கார்ந்திருந்தார் மனுஷன்.

அதற்கப்புறம் அந்த வாரத்திலேயே ஒருநாள், கடை திறக்கிற நேரத்துக்கு மாப்பிள்ளை வந்து நின்றான். வேலை முடித்து நேராக வந்திருந்தான். முழங்கைவரை மாவு காய்ந்திருந்தது, சட்டையில் அடுப்பு வாசனை. கண்ணிரண்டும் சிவந்திருந்தன.

"உக்காருங்க தம்பி. டீ சொல்லட்டுமா?"

"வேணாம் மாமா, போய்ச் சாமான் கட்டணும். நாங்க ஊரு மாறிப் போறோம். முதலாளி தூரத்துல ஒரு கிளை திறக்கறாரு. வா வான்னு கூப்பிட்டுக்கிட்டே இருந்தாரு, இவதான் அம்மாவை விட்டு வரமாட்டேன்னா. இப்ப அவளே போலாம்னுட்டா. நாளைக்கு லாரி வருது."

"நாளைக்கேவா?" என்றார் தராசு.

"ஆமா மாமா. அதுக்கு முன்னால உங்ககிட்ட ஒண்ணு கேட்டுட்டுப் போலாம்னு வந்தேன்." அவன் மேஜைமேல் திறந்து கிடந்த ரிசீவரைப் பார்த்தான். "பிரிச்சே வச்சிருக்கீங்க, நல்லதாப் போச்சு. இதுல குறை எங்க இருக்குன்னு காட்டுங்க. எனக்கு ஒண்ணும் தெரியாது. அடுத்த தடவை வாங்கறப்ப ஏமாறக்கூடாது பாருங்க."

அதில் குத்தல் இல்லை, கிண்டல் இல்லை. படிக்க வந்தவன்போல் கையைக் கட்டிக்கொண்டு குனிந்து நின்றான். தராசு ஆள்காட்டி விரலை நீட்டினார். விரல் பவர் சப்ளைக்குப் போயிற்று, அங்கே நிற்கவில்லை. அலுமினியப் பட்டைகளுக்குப் போயிற்று. பின்பக்க முனைகளுக்குப் போயிற்று. பலகை முழுவதும் சுற்றிவந்துவிட்டு மேஜையின் விளிம்பில் இறங்கிவிட்டது.

"இதுல குறையே இல்ல தம்பி."

மாப்பிள்ளை சிரித்தான். "மனசு கஷ்டப்படக் கூடாதுன்னு சொல்றீங்க."

"இல்ல தம்பி."

"பரவாயில்ல மாமா, சும்மா சொல்லுங்க. நான் தப்பா எடுத்துக்க மாட்டேன். எங்க தொழில்ல ரொட்டி கனமா இருந்தா, சரியாப் பொங்கலைன்னு ஒதுக்கிடுவோம். லேசா இருந்தாத்தான் நல்லது. அந்த நெனப்புலயே கடையில இதைத் தூக்கிப் பாத்துட்டு, அட லேசா இருக்கேன்னு சந்தோஷப்பட்டுட்டேன். உங்க தொழில்ல தலைகீழ்னு எனக்கு எப்படித் தெரியும்?"

பொய்யை வீடே நம்பியது. உண்மையைச் சொன்னால் இந்த ஒருவன்கூட நம்பவில்லை. தராசு அவன் கையைப் பிடித்து இழுத்து முக்காலியில் உட்கார வைத்தார். லென்ஸை அவன் கையில் கொடுத்தார். பற்றவைத்த புள்ளிகளைக் காட்டினார், கூண்டைக் காட்டினார், ஏன் கனமில்லை, கனமில்லாததால் ஏன் நஷ்டமில்லை என்று சொன்னார். ஞாயிற்றுக்கிழமை சொல்லியிருக்க வேண்டியதையெல்லாம் ஒன்றுவிடாமல் சொன்னார்.

"இது மாதிரி ஒரு சாமான் என் கடைக்குப் பழுதுன்னு வந்ததே இல்ல. வராது. இது நல்லதுன்னு குமிழைத் தொட்டப்பவே எனக்குத் தெரியும். நான் செஞ்ச பெட்டியைச் செருப்போட சேத்து வச்சிருந்தீங்க. அது கண்ணுல பட்டுச்சு. வாய் மாறிடுச்சு."

மாப்பிள்ளை லென்ஸை மெதுவாக மேஜைமேல் வைத்தான். "அதை நான்தான் கீழ வச்சேன்," என்றான். "நீங்க செஞ்சதுன்னு எனக்குத் தெரியாது மாமா. தெரிஞ்சிருந்தா பக்கத்துலயே வச்சிருப்பேன்."

இதற்கு அவன் இரண்டு அறை அறைந்திருக்கலாம்.

"அவங்கப்பாவுக்குக் கைக்கடிகாரம் வாங்கலாம்னு நான் சொன்னேன்," என்றான் அவன். "இவதான் வேணாம்னா. எங்கப்பா நம்ம பேச்சைக் கேக்க மாட்டாரு, மாமா பேச்சைக் கேப்பாரு, மாமாவுக்கு நல்ல சாமான் கண்ணுல பட்டா தன்னால வாய் திறந்துடும்னா. கடை கடையாத் தேடி இதை எடுத்தது அவதான். அன்னைக்கு நீங்க கண்ணை மூடிக்கிட்டு நின்னீங்களே, அப்ப என் கையை இறுக்கிப் பிடிச்சுக்கிட்டா."

தராசு தலையில் அடித்துக்கொண்டார். அடித்துக்கொண்டே, "நான் அவகிட்ட வந்து சொல்றேன் தம்பி, கால்ல விழறேன்," என்றார்.

"உங்களை அவ மன்னிச்சிடுவா மாமா, உங்க மேல அவளுக்கு உசுரு. ஆனா ஆளையும் சேத்து மட்டம்னு சொன்னது நீங்க இல்லையே." அவன் எழுந்தான். "பெட்டி இங்கயே இருக்கட்டும். அது அவருக்கு வாங்கினது."

அவன் தெருமுனை திரும்புமுன்பே தராசு கடையைச் சாத்திவிட்டார். மழை விட்டிருந்தது. அத்தான் வீட்டு வாசலில் தண்ணி லாரி நின்றது. அத்தான் அதன் அடியில் மல்லாந்து படுத்துக்கொண்டு எங்கோ கிரீஸ் வைத்துக்கொண்டிருந்தார். காலிரண்டு மட்டும் வெளியே தெரிந்தன. நல்லதாகப் போயிற்று என்று நினைத்தார் தராசு. முகத்தைப் பார்த்துச் சொல்லும் தெம்பு இல்லை.

"அத்தான்."

"யாரு, மச்சானா? அந்த ஸ்பானரை எடு."

எடுத்துக் கொடுத்தார். அந்தக் கால்களைப் பார்த்தே எல்லாவற்றையும் சொன்னார். குமிழ், மூடி, செருப்பு, அக்கா கேட்டபோது இரண்டாம் தடவை சொன்னது, நாளைக்கு வருகிற லாரி, எதையும் மறைக்கவில்லை. ஸ்பானர் சத்தம் பாதியிலேயே நின்றுவிட்டது. அத்தான் வெளியே வரவில்லை. தூங்கிவிட்டாரோ என்றுகூடத் தோன்றிற்று.

"நாலு அறை அறைஞ்சிடுங்க அத்தான்."

அத்தான் தரையைத் தேய்த்துக்கொண்டு மெல்ல வெளியே வந்து உட்கார்ந்தார். முகமெல்லாம் கறுப்பு.

"அன்னைக்கு உன்னை எதுக்குடா கூப்பிட்டேன்?" என்றார்.

"சாமான் எப்படி இருக்குன்னு பாக்க."

"சாமான் எப்படி இருந்தா எனக்கென்னடா? எனக்கு என்ன பாட்டுக் கச்சேரியா நடக்குது? பொண்ணு வந்து நிக்கறா. கல்யாணத்துக்குப் போகாதவன் நானு. எடுத்த எடுப்புல வா மகளேன்னு சொல்ல வாய் வரல. நீ வந்து நல்ல சாமான் அத்தான்னு சொல்லுவே, பரவாயில்லையே மாப்ள, பாத்துத்தான் வாங்கியிருக்கீங்கன்னு அதைச் சாக்கா வச்சுப் பேச்சை ஆரம்பிச்சிடலாம்னு நெனச்சேன். அதுக்குத்தான்டா உன்னைக் கூப்பிட்டேன்."

தராசு லாரியின் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டார். அக்கா எப்போது வாசலுக்கு வந்தாளோ, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். தம்பியை அவள் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை என்றிருந்தது அவருக்கு.

அத்தான் எழுந்து கையைச் சட்டையிலேயே துடைத்துக்கொண்டு லாரியில் ஏறினார். சாவியைப் போட்டார். போட்டவர் திருப்பவில்லை. ஜன்னல் வழியாகக் கீழே பார்த்தார்.

"அங்க போய் நான் என்னன்னுடா சொல்றது?"

"நான் பொய் சொல்லிட்டேன்னு சொல்லுங்க அத்தான். எல்லாத்தையும் என் தலையில போடுங்க."

"உன் பொய்யை நீயே ஒத்துக்கிட்டே. உன் பாடு முடிஞ்சுது." அத்தானின் குரல் இறங்கிவிட்டது. "யாரு என்ன சொன்னாலும் சொல்லட்டும்பா, நீ ஏன்ப்பா அப்படிச் சொன்னேன்னு அவ கேப்பா. அதுக்கு என்ன சொல்றது?"

அத்தான் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. வண்டியைக் கிளப்பினார். தொட்டி நிறையத் தண்ணீரோடு அந்த லாரி, எந்த வீட்டுக்கும் இறக்காமல், மகள் வீட்டுப் பக்கம் போயிற்று.